வீட்டில் விற்கும் சுங்குடிக்கு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் அமைத்த அனுபவம்

மதுரையில் என் அத்தை வீட்டின் முன்னறையில் வைத்தே சுங்குடிப் புடவை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் பருத்திப் புடவை) விற்கிறார். போர்டு கிடையாது, கவுன்ட்டர் கிடையாது. ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவார், அங்கே பார்த்த இன்னொருவர் விசாரித்துக்கொண்டு வருவார். இப்படியே ஓடிய வியாபாரம். போனில் வாட்ஸ்அப் இருந்தது. ஆனால் குடும்பக் குழு, பேத்தியின் பள்ளிக்கூடக் குழு, வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே இடத்தில். ஒருவர் கேட்ட புடவைப் படம் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எங்கேயோ போய்விடும். பணம் போட்டவர் யார், போடாதவர் யார் என்பதற்கு அத்தையின் ஞாபகம்தான் கணக்குப் புத்தகம்.

இதை ஒழுங்குபடுத்தித் தரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என்னென்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், தைத்த துணி விற்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலையாக நான் எந்த ஆப்பையும் திறந்து அமைக்கவில்லை. அத்தையின் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். வாங்கியவர்களும் வாங்காமல் போனவர்களும் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தேன். திரும்பத் திரும்ப வந்தவை இவைதான்: "இது கை முடிச்சா, பிரிண்டா?" "சாயம் போகுமா?" "நேர்லயும் இதே கலர்தானா?" "பிளவுஸ் சேர்ந்து வருதா?" "விலை என்ன, தபால் செலவு தனியா?" பின்னால் செய்த ஒவ்வொரு வேலையும் இந்த ஐந்தில் ஒன்றுக்குப் பதில். எத்தனை ஃபாலோயர் வேண்டும், தினமும் எத்தனை போஸ்ட் போட வேண்டும் என்று தொடங்கினால் வேலை எங்கேயோ போய்விடும். வாங்க வருபவர் என்ன கேட்கிறார் என்று தொடங்கினால் எங்கே என்ன போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

எதற்கு எந்த ஆப்

வாட்ஸ்அப் விற்பதற்கு. இன்ஸ்டாகிராம் காட்டுவதற்கு. கூகுள் மேப் நம்ப வைப்பதற்கு. ஃபேஸ்புக் பழைய சிநேகிதிகளுக்கு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டோம். யூடியூப், எக்ஸ், டெலிகிராம் எல்லாவற்றிலும் கணக்குத் திறக்கலாம்தான், ஆனால் அவற்றில் வரும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பதில் வராத கணக்கு ஒன்று இருப்பதைவிட அந்தக் கணக்கே இல்லாமல் இருப்பது மேல். மூடிய கடையின் ஷட்டரில் போன் நம்பர் எழுதியிருந்து, அந்த நம்பரும் எடுக்கப்படாவிட்டால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் அல்லவா, அதே நிலைதான் இங்கேயும்.

வாட்ஸ்அப்: பாதி வேலை இங்கேதான்

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018இல் வந்தது. கட்டணம் இல்லை. ஆனாலும் வீட்டு வியாபாரம் செய்யும் பலர் இன்னும் சாதாரண வாட்ஸ்அப்பிலேயே தள்ளுகிறார்கள். ஒரே எண்ணை இரண்டு ஆப்பிலும் வைக்க முடியாது என்பதால் வியாபாரத்துக்கென்று தனி சிம் வாங்கினோம். இரண்டு சிம் போடும் போன்தான், ஆக ஒரே போனில் சாதாரண வாட்ஸ்அப் வீட்டுக்கு, பிசினஸ் ஆப் கடைக்கு. இந்த ஒரு பிரிவினையிலேயே அத்தைக்குப் பெரிய நிம்மதி. இரவு எட்டு மணிக்குமேல் கடை ஆப்பின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுவார், வீட்டு ஆப் வழக்கம்போல் ஓடும்.

எண் மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வாடிக்கையாளர்களிடம் பழைய எண்தான் இருக்கும். அவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பினோம்: "இனி புடவைக்கு இந்த நம்பர், தயவுசெய்து சேவ் பண்ணிக்கோங்க." அந்தச் செய்தியில் சேவ் செய்யச் சொல்வதுதான் முக்கியம். நம் எண்ணை சேவ் செய்தவர்களுக்குத்தான் நம் ஸ்டேட்டஸ் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரே நேரத்தில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் அதுவும் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். "ஸ்டேட்டஸ் போட்டாலும் யாரும் பார்க்கறதில்ல" என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்ன அட்டை வைக்கிறோம். அதில் எண், வாட்ஸ்அப்பைத் திறக்கும் கியூஆர் கோடு, சேவ் பண்ணச் சொல்லி ஒரு வரி. அச்சடித்த செலவு ரொம்பக் குறைவு. இந்த வேலையிலேயே அதிகப் பலன் தந்தது இந்த அட்டைதான் என்பேன்.

அப்புறம் கேட்டலாக், அதாவது ஆப்பிலேயே பொருள்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் பட்டியல். இதில் 500 பொருள்வரை ஏற்றலாம். சுங்குடியில் பெரும்பாலும் ஒரே மாதிரி இரண்டு புடவை இருக்காது என்பதால், விற்றதும் அதை மறைத்துவிட வேண்டும். அழிக்க வேண்டியதில்லை, மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அதேபோல் ஒன்று மறுபடி வந்தால் திரும்பக் காட்டலாம்.

ஒவ்வொரு புடவைக்கும் ஒரு குறி கொடுத்தோம். நிறத்தின் முதல் எழுத்தும் ஒரு எண்ணும்: அ-7 என்றால் அரக்கில் ஏழாவது, ம-12 என்றால் மாம்பழ மஞ்சளில் பன்னிரண்டாவது. அந்தக் குறியைத் தாளில் எழுதிப் புடவை மடிப்புக்குள் செருகிவிடுவோம், படத்தின் மூலையிலும் எழுதிவிடுவோம். வாடிக்கையாளர் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும், எந்த அலமாரியில் எந்தப் புடவை என்று உடனே எடுத்துவிடலாம். முன்பெல்லாம் "அந்தப் பச்சை, போன வாரம் போட்டீங்களே" என்று தொடங்கி அரை மணி நேரம் போகும்.

ஒவ்வொரு உரையாடலும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்கும் லேபிள்களை அத்தையின் பேச்சுவழக்கிலேயே வைத்தோம்: "கேட்டிருக்காங்க", "எடுத்து வெச்சாச்சு", "பணம் வரணும்", "பணம் வந்தாச்சு", "அனுப்பியாச்சு". ஆப்பிலேயே இருக்கும் ஆங்கில லேபிள்களை மாற்றி எழுதலாம். சொந்தச் சொல்லில் இருந்ததால் அத்தை முதல் நாளிலிருந்தே லேபிள் போட ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் "பணம் வரணும்" லேபிளைத் தொட்டால் அன்றைக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியல் வந்துவிடும்.

நோட்டில் குறித்த கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள் எழுதிச் சேமித்தோம். தட்டச்சு செய்யும் இடத்தில் சாய்வுக்கோடு போட்டால் பட்டியல் வரும், தொட்டால் பதில் போய்விடும். எழுதும்போது ஒரே விதி வைத்துக்கொண்டேன்: அத்தை நேரில் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். சாயம் பற்றிய பதில் இப்படி வந்தது: "முதல் இரண்டு மூன்று தடவை தனியா அலசுங்க. பச்சைத் தண்ணியில ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு முக்கி எடுங்க. ஊற வெக்காதீங்க. நிழல்ல காய வைங்க. ஆரம்பத்துல கொஞ்சம் சாயம் விடும், பருத்தியில அது வழக்கம்." சாயமே போகாது என்று எழுதலாமா என்ற பேச்சு வந்தது. கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். அப்படி எழுதினால் முதல் துவைப்பில் வெள்ளைச் சட்டையோடு போட்டவர் திரும்பி வந்து கேட்பார், கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருக்கும்.

படம் எடுத்தது

"நேர்லயும் இதே கலர்தானா?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம். இதற்கு வார்த்தையில் பதில் இல்லை, படத்தில்தான் பதில் இருக்க வேண்டும். பழைய படங்களைப் பார்த்தேன். முன்னறையின் எல்இடி விளக்கில், கட்டிலில் விரித்து, இரவில் எடுத்தவை. அரக்கு ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிட்டது. கத்திரிப்பூ நிறம் படத்துக்குப் படம் மாறியது. இதை நம்பி வாங்கியவர் பார்சலைப் பிரித்ததும் முகம் சுளித்தால் தப்பு அவர்மேல் இல்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. காலையில் அங்கே நிழல் விழும், ஆனால் வானத்து வெளிச்சம் முழுக்க இருக்கும். நேர் வெயிலில் எடுத்தால் பருத்தி வெளிறிவிடும், நிழல் கோடுகளும் விழும். திறந்த நிழல்தான் துணிக்கு நல்லது. சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கொடி கட்டிப் புடவையைத் தொங்கவிட்டோம்.

போன் கேமராவில் மூன்று காரியம். காட்சியைத் தானாக அழகாக்கும் அமைப்பு, வடிகட்டி எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. நிறத்தைக் கூட்டிக் காட்டி நம்மைப் பொய் சொல்ல வைப்பது அதுதான். புரோ மோடில் வெண்மைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விடாமல் அந்த நிழல் வெளிச்சத்துக்கு ஏற்ற ஒரே அளவில் நிறுத்திவிட்டோம். தானியங்கியில் விட்டால் திரை முழுக்க மஞ்சள் புடவை இருக்கும்போது கேமரா அதைக் குறைக்கப் பார்க்கும், அடுத்த படத்தில் நீலப் புடவை வந்தால் வேறு பக்கம் சாயும். மூன்றாவது, ஒளியளவு. அடர்ந்த நிறத்துக்குக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், அரக்கு வெளுத்துவிடும். திரையில் புடவைமேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்கினால் அரக்கு அரக்காக நிற்கிறது. எடுத்தபின் புடவையை அதே வெளிச்சத்தில் போன் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அத்தை தலையாட்டினால்தான் படம் ஏறும். நிறம் விஷயத்தில் அவர் கண்ணை ஏமாற்ற முடியாது.

ஒரு புடவைக்கு ஐந்து படம். முழுப் புடவை, முந்தி, கரையைக் கையில் பிடித்தபடி ஒன்று, பிளவுஸ் துண்டு, கடைசியாகப் புள்ளிகளை நெருங்கி எடுத்த படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தோடு. நாணயம் இருந்தால் புள்ளி எவ்வளவு பெரிது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. துணியில் நெசவுக் குறையோ சாயத் திட்டோ இருந்தால் அதற்குத் தனியாக ஆறாவது படம், விலையும் குறைத்துப் போடுவோம்.

நிறத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். டார்க் ரெட், லைட் கிரீன் என்று எழுதினால் ஒன்றும் புரியாது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, கிளிப் பச்சை, ராமர் பச்சை, வெங்காயத் தோல் நிறம் என்று நம் வீடுகளில் புடவைக்கென்றே வழங்கும் பெயர்கள் இருக்கின்றன. "ராமர் பச்சை" என்று படித்ததும் வாங்குகிறவர் மனதில் ஒரு நிறம் எழுந்துவிடும், படம் அதை உறுதி செய்யும். தேடலிலும் இது உதவுகிறது. நிறப் பெயரைத் தமிழில் தேடி வருகிறவர்கள் உண்டு.

கை முடிச்சா, பிரிண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் இன்ஸ்டாகிராம். விஷயம் இதுதான்: வெள்ளைப் பருத்தித் துணியில் நகத்தால் துளி இடத்தைக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதைச் சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது, பிரித்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். சௌராஷ்டிர சமூகத்தினர் மதுரையில் வளர்த்த கலை. 2005இல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சுதான். அச்சுப் புடவை தரக்குறைவு இல்லை, தினமும் கட்ட நல்ல துணி, அத்தையும் விற்கிறார். அச்சைக் கை முடிச்சு என்று சொல்லி விற்பதுதான் தவறு. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண்களின் கூலியில் கை வைக்கும் காரியம் அது.

வித்தியாசத்தை எழுதி விளக்கினால் யாரும் படிப்பதில்லை. காட்டினால் ஒரு நிமிடம்கூட வேண்டாம். முடிச்சுப் பிரிக்காத புடவை ஒன்றை அத்தையும் என் தங்கையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் குறுக்காக இழுத்தார்கள். முடிச்சுகள் வரிசையாகத் தெறித்து விழ, ஒவ்வொரு இழுப்புக்கும் புள்ளிகள் பூத்துக்கொண்டே வந்தன. அந்தப் படபட சத்தத்தைப் பதிவு செய்யப் போனைத் துணிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். மாடியில் காற்று இரைச்சல் வந்ததால் இதை மட்டும் வீட்டுக்குள் ஜன்னலோரம் எடுத்தோம். பின்னணி இசை எதுவும் போடவில்லை. பிசினஸ் கணக்குகளுக்குச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, உரிமம் அப்படி. அது இந்த வீடியோவுக்கு நல்லதாகவே போயிற்று. துணி பேசும்போது வேறு சத்தம் எதற்கு?

வீடியோவின் முதல் காட்சியிலேயே இழுப்பு இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். வணக்கம், எங்கள் பக்கத்துக்கு வருக, எல்லாம் வேண்டாம். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு வீடியோ பரவுகிறது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். அனுப்புவதுதான் எங்களுக்கு முக்கியம். "அம்மா, இதப் பாரேன்" என்று மகள் அம்மாவுக்கு அனுப்பினால் அங்கேதான் விற்பனை தொடங்குகிறது.

இரண்டாவது வீடியோ, கை முடிச்சையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அச்சில் புள்ளிகள் ஒரே அளவில் ஒழுங்காக இருக்கும், துணி சமமாக இருக்கும். கை முடிச்சில் ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது, நூல் இறுக்கிய இடம் லேசாக மேடு தட்டிச் சுருங்கியிருக்கும். விரலை மெல்ல ஓட்டிக் காட்டினோம். மூன்றாவது, அலசும் முறை. இந்த மூன்றையும் எப்போதும் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி பின் செய்து வைத்தோம். மூன்றுவரை பின் செய்யலாம், சரியாகப் போயிற்று. புதிதாக வருகிறவர் எதைப் பார்த்து வந்தாலும் முதலில் இவை கண்ணில் படும்.

பக்கத்தின் அறிமுகக் குறிப்பான பயோவில் 150 எழுத்துக்குள் எழுத வேண்டும். "மதுரை சுங்குடி. கை முடிச்சும் உண்டு, அச்சும் உண்டு, எது எது என்று சொல்லித்தான் விற்கிறோம். விலை படத்திலேயே." கீழே வாட்ஸ்அப் லிங்க். அவ்வளவுதான்.

முடிச்சுப் போடும் அக்காக்களை வீடியோ எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. கேட்டோம். கை மட்டும் வரட்டும், முகம் வேண்டாம் என்றார்கள் சிலர். ஒருவர் தாராளமாக எடுங்கள் என்றார். கை மட்டுமே எடுத்தோம், எல்லாருக்கும் ஒரே முறை. படம் எடுத்த நேரம் வேலை நின்றதற்குக் கூலியும் கொடுத்தார் அத்தை. அடுத்தவர் உழைப்பைக் காட்டி நாம் விற்கும்போது இந்த இரண்டும் கட்டாயம் என்று நினைக்கிறேன்.

விலையைப் போட்டோம்

அதிக வாக்குவாதம் இதில்தான். புடவைப் பக்கங்களில் பாதிக்கு மேல் "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்றிருக்கும். அத்தையும் அதையே விரும்பினார்.

"ஏப்பா, விலையப் போட்டா எதிர்த்த தெருக்காரங்க பார்த்து நூறு ரூபா கொறச்சுப் போடுவாங்களே?"

"போடட்டும் அத்தை. கை முடிச்சுல நூறு ரூபா கொறைக்க யாருக்கு முடியும்? கொறைச்சா அது பிரிண்டுதானே?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அச்சுப் புடவை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கை முடிச்சு ஆயிரங்களில் போகும். விலையை மறைத்தால் இரண்டும் ஒன்று என்று நினைத்தே ஆள் வருவார், விலையைக் கேட்டதும் பேச்சே இல்லாமல் போய்விடுவார். அப்படிப் பாதியில் நின்ற உரையாடல்கள் பழைய வாட்ஸ்அப்பில் ஏராளம், நான் படித்ததில் பார்த்தேன். விலை கேட்பதே பலருக்குக் கூச்சம். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று கேட்காமலே கடந்துவிடுவார்கள். இதை விளக்கியபின் சம்மதித்தார். ஒவ்வொரு படத்திலும் விலை, தமிழ்நாட்டுக்குள் தபால் செலவு, வெளி மாநிலத்துக்குத் தபால் செலவு மூன்றும் எழுதுகிறோம். "விலை என்ன" என்ற செய்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போது வரும் செய்திகள் பெரும்பாலும் "ம-12 இருக்கா?" என்றுதான் தொடங்குகின்றன.

கூகுள் மேப், ஃபேஸ்புக், விளம்பரம்

கூகுள் மேப்பில் வியாபாரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் வீட்டு வியாபாரத்தைப் பதியலாமா என்று பலருக்குச் சந்தேகம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் வியாபாரம் என்றால் பதியலாம். முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குச் சேவை தருகிறோம் என்பதை மட்டும் காட்டும் வசதி உண்டு. வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் பகல் நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்ட வேண்டாம் என்று மறைத்தே வைத்தோம். நேரில் பார்க்க விரும்புகிறவர் வாட்ஸ்அப்பில் பேசி நேரம் வாங்கிக்கொண்டு வரலாம். வாங்கியவர்களிடம் கேட்டு எழுதி வாங்கும் மதிப்புரைகள்தான் இங்கே பலம். வெளியூரில் இருந்து புதிதாக வாங்குகிறவர் பணம் போடும்முன் பெயரைக் கூகுளில் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். அதில் நாலு உண்மையான மனிதர்கள் எழுதியிருந்தால் போதும்.

ஃபேஸ்புக்கில் அத்தையின் சொந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். பள்ளித் தோழிகள், பழைய அக்கம்பக்கத்தார், அவர்களோடு பேசும் இடம் அது. அங்கே தினமும் புடவைப் படம் போட்டால் தோழிகளே விலகுவார்கள். வியாபாரத்துக்குத் தனிப் பக்கம் திறந்து இன்ஸ்டாவோடு இணைத்துவிட்டோம், ஒரே பதிவு இரண்டிலும் போய்விடும். சொந்தக் கணக்கில் பேத்தியின் படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினோம். பள்ளிச் சீருடையில், பள்ளிப் பெயர் தெரிய எடுத்த பழைய படங்களையும் எடுத்துவிட்டோம். கடைப் பெயரைத் தேடி வருகிறவர் குடும்பப் படத்துக்குப் போக வழி இருக்கக் கூடாது.

விளம்பரத்துக்குப் பணம் போட அவசரப்படவில்லை. ஏற்கெனவே நன்றாகப் போன முடிச்சு வீடியோவுக்கு மட்டும், சித்திரைத் திருவிழாவை ஒட்டி, சின்னத் தொகைக்குக் கொடுத்தோம். வெயில் காலம், பருத்திக்குத் தேவை இருக்கும் நேரம். லைக் வாங்கும் நோக்கம் வேண்டாம், செய்தி அனுப்ப வைக்கும் நோக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தான் நேரே வாட்ஸ்அப்பில் திறக்கும். ஓடாத பதிவுக்குப் பணம் போட்டு ஓட வைக்க முடியாது.

இலவசமாகப் புடவை கொடுத்தால் வீடியோ போடுகிறேன் என்று ஒரு இன்ஃப்ளூயன்சர் கேட்டார். கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 நெறிமுறைப்படி, இலவசமாக வாங்கினாலும் அது விளம்பரம் என்று பதிவில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவர் ஒப்பவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

பணமும் திருட்டும்

கணக்கு பெரிதாகத் தெரியத் தொடங்கியதும் மோசடிக்காரர்களும் வருவார்கள். அத்தைக்கு முதலில் மனப்பாடம் செய்யக் கொடுத்தது ஒரு வரி: பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. யாராவது "நான் அனுப்புற கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றால் அது திருட்டு. அடுத்தது, பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். குறுஞ்செய்தியைக்கூட போலியாக அனுப்புகிறார்கள். வங்கி ஆப்பைத் திறந்து வரவு தெரிந்தபின்தான் லேபிள் "பணம் வந்தாச்சு" ஆகும், பார்சல் கட்டப்படும். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய தேசிய உதவி எண் 1930 என்று சமையலறை நாட்காட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்ஸ்டாவில் "உங்கள் கணக்கு காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்கில் முறையிடுங்கள்" என்று நேரடிச் செய்தி வந்தது. நிறுவனத்தின் முத்திரை, ஆங்கிலம், அவசரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தொடவே கூடாது. இன்ஸ்டாகிராம் உண்மையிலேயே அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் ஆப்பின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இல்லாவிட்டால் அது போலி.

உள்ளே நுழைய இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை எல்லாவற்றிலும் போட்டோம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின், மீட்பு மின்னஞ்சலோடு. இன்ஸ்டாவில் சரிபார்ப்பு ஆப்பும், இன்ஸ்டாவே தரும் மாற்றுக் குறியீடுகளும். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அந்தக் குறியீடுகள்தான் சாவி. அவற்றைப் போனிலேயே படமாக வைத்தால் பயனில்லை, தாளில் எழுதி பீரோவில் நகைக் கடை ரசீதுகளோடு வைத்திருக்கிறார் அத்தை.

இப்போது நடக்கும் முறை

காலையில் வெளிச்சம் வந்ததும் மாடியில் படம். அன்றைக்கு இரண்டு மூன்று புடவை போதும். பத்து மணிக்குள் குறியும் விலையும் எழுதி ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் கேட்டலாகிலும் ஏற்றிவிடுவார். மத்தியானம் ஒன்று முதல் நான்கு வரை தானியங்கிப் பதில்: "சாப்பிட்டு ஓய்வு நேரம், நாலு மணிக்கு மேல பதில் சொல்றேன்." இதைப் போட்டபின் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நாலு மணிக்கு லேபிள் பார்த்துப் பணம் சரிபார்ப்பு, பார்சல். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டதும் ரசீதைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். பிராட்காஸ்ட் மாதத்துக்கு ஒன்றிரண்டு, புதுச் சரக்கு வந்தால் மட்டும். அடிக்கடி அனுப்பினால் மக்கள் பிளாக் செய்வார்கள், நிறையப் பேர் பிளாக் செய்தாலோ புகார் கொடுத்தாலோ எண்ணே முடக்கப்படலாம்.

இன்ஸ்டாவின் புள்ளிவிவரங்களை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். ஃபாலோயர் எண்ணிக்கையை அத்தையிடம் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. எந்தப் பதிவை அதிகம் சேமித்தார்கள், எதை அனுப்பினார்கள் என்று மட்டும் சொல்வேன். நிறைய சேமிக்கப்பட்டது அலசும் முறை வீடியோதான். எங்களிடம் வாங்காதவர்களும் தங்கள் பருத்திப் புடவைக்காகச் சேமித்திருக்கிறார்கள் போல. அதில் சிலர் பிறகு கேட்டலாகுக்கு வந்தார்கள்.

அடுத்து செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. "என் மகளோட நிச்சயத்துக்கு இருபது புடவை ஒரே மாதிரி வேணும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கை முடிச்சில் இருபது எடுக்க எவ்வளவு நாள், முன்பணம் எவ்வளவு, முடிச்சுப் போடும் அக்காக்களில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டு, அதற்கும் ஒரு விரைவுப் பதில் எழுத வேண்டும். அத்தை இன்று சாயங்காலம் அந்த அக்காக்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார்.